மேசையின் உயரம்

கல்லுக்குக் காசு சேர்ந்தது.
கமக்காரர் அமைப்பு ஐயாயிரம்.
கனடாவிலிருந்து அனுப்பியது
அவர் தைத்துவிட்ட ஒரு வலதுகை.

பெயரில்தான் வேலை நின்றது.
எங்களுக்கு அவர் டொக்டர் நெடுங்கோ.
அதை வெட்டினால் அடுத்த நாளே ஜீப் வரும்
என்றார் கிராம சேவையாளர்,
தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி.
அவர் வயிற்றிலும் ஒரு தையல் கோடு உண்டு.

வீட்டுப் பெயர் விசாரிக்க
அச்சுவேலிக்கு ஆள் அனுப்பினோம்.
ஆளோடு வந்தது மனைவி.

பஸ்ஸால் இறங்கி, குடையை மடித்து,
நான் கீறிவைத்த தாளை வாசித்தா.
தோற்றம். மறைவு.
மறைவுக்கு நேரே வெறும் கோடு.

"இந்தக் கோட்டை அழியுங்கோ தம்பி.
காணாமல் போன ஆக்களின்ர கந்தோரில
என்ர கோப்பு இன்னும் திறந்துதான் கிடக்கு.
நீங்கள் கல்லு வைச்சால்
நான் அங்க போய் என்னத்தைச் சொல்லுறது?"

வீரைமுறிப்பில் அன்று
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பிறகு அவவே கேட்டா,
"எதில கிடத்தி வெட்டினவர்?"

பள்ளிக்கூட மேசை, அக்கா.
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின்ர.
பதுங்குகுழி, மேலே தறப்பாள்,
பாலைக் கொப்பில் சேலைன்.
குனிந்து குனிந்து வெட்டி
ஒவ்வொரு ஆள் முடியவும் நாரியைப் பிடிப்பார்,
"ஆராவது இந்த மேசையை உயர்த்தித் தாங்கோவன்."
நாலு கல்லு அண்டைகொடுக்க
ஒருவருக்கும் கை ஒழியவில்லை.
என் இடது முழங்காலுக்குக் கீழே முடித்தபோதும்
அதையேதான் சொன்னார்.
அப்போதும் நான் மேசன்தான்.

அவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"குசினிக்கையும் இதே ஏச்சுத்தான்."
தன் தோளுக்குக் கீழே நாலு விரல் வைத்துக் காட்டினா,
"அவற்ர முழங்கை இவ்வளவில வரும்."

டேப்பைப் பிடித்தேன்.
நாற்பத்தைந்து அங்குலம்.
மூன்றைக் கழித்தேன், கை வேலை செய்ய.

பஸ் ஏறும்போது பெயரைச் சொன்னா.
எழுத அல்ல.
வந்தால் கூப்பிட.

சந்தியில் இப்போது ஒரு சீமெந்து மேசை.
எழுத்து இல்லை, பூ இல்லை.
மரக்கறிக்காரி பையை ஏற்றிவைக்க
எக்கி எக்கி என்னை ஏசுகிறாள்.

பொலிஸ்காரர் வந்து சுற்றிப் பார்த்தார்.
என்ன இது?
சாமான் வைக்க, சேர்.
உயரம் பிழை.
ஓம், சேர்.

ஆறடிக்கு மேலே ஒருவர் வந்து நின்றால்
சரியாக இருக்கும்.