எத்தனாவது தடவ

கருங்கல் டாக்டர் வாயு என்றார்.
மார்த்தாண்டத்தில் புண் என்றார்கள்.
ஆசாரிப்பள்ளத்தில் குழாய் இறக்கி
உள்ளே முழுக்கப் பார்த்துவிட்டு
ஒன்றுமில்லை என்று எழுதித் தந்தார்கள்.
மடித்து பைபிளுக்குள் வைத்தேன்.
அந்த ஒன்றுமில்லை
மறுநாள் விடியுமுன்னே
வயிற்றைப் பிசைந்து எழுப்பியது.

மரச்சீனியை விடு என்றாள் ரெஜினாள்.
விட்டேன்.
மீனை விடு என்றாள்.
சாளை இல்லாத சோறு தொண்டையில் நின்றது,
அது இன்னொரு வியாதி.
அயமோதகத் தண்ணீர், சுட்ட பூண்டு,
முஞ்சிறை வைத்தியரின் கறுத்த அரிஷ்டம்.
மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தபோது
என்ன வேண்டுதல் என்று
வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

அண்டி ஆபீசில் கக்கூசுக்கு ஒரே சாவி.
அது சூப்பர்வைசர் மேசையில் தொங்கும்.
அண்டிப்பால் கறுத்த கையை நீட்டினால்
"எத்தனாவது தடவ?" என்பான்
நாற்பது பெண்கள் கேட்க.
தொலி உரித்த கிலோவுக்குப் பக்கத்தில்
அதையும் குறித்துவைத்தான்.
காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன்.

குழித்துறையில் புதிதாய் வந்த டாக்டரம்மாவும்
அதையேதான் கேட்டாள்,
எத்தனை தடவை?
கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.
திங்கட்கிழமை ஏழு என்றேன்.
"ஞாயிற்றுக்கிழமை?"
யோசித்தேன்.
இரண்டு.
அவள் பேனாவை மூடி வைத்தாள்,
பிறகு திறந்தாள்.

ராத்திரிக்கு ஒரு மாத்திரை.
ஆபீசுக்கு ஒரு சீட்டு:
இவர் கேட்கும்போதெல்லாம் போகவிடவும்.
முத்திரை குத்தி.

மாத்திரை இன்னும் பிடிக்கவில்லை.
சீட்டைக் காட்டினேன்,
சாவி பேசாமல் வந்தது.
நேற்று
நாலு.