முன்னால் சுருள், பின்னால் காற்று

மதுரையிலிருந்து அந்தக் கார் மண்டபம் வந்து நின்றதும்
சுற்றிச் சுற்றிப் பார்த்தான் கித்தேரியான்.
"வல்லத்துல பாதி நீளம் இருக்கேக்கா,
பாய்மரம் எங்க நடுறது?"

தருணேஷ் சிரிக்கவில்லை. விற்க வந்தவன்.
நாச்சியா ஐஸ் கம்பெனி வாசலில்
உள்ளங்கை அகலத் திரையைத் தூக்கிக் காட்டினான்.
மூன்று வரி.
சுருள்வில்.
சுருள்வில்லோடு, தானே இறுகித் தானே தளரும் டாம்பர்.
நான்கு சக்கரத்துக்கும் காற்றுப் பை.
கடைசி வரிக்கு எதிரே இருந்த தொகையில்தான்
போன வருஷம் உப்புத்தண்ணிக் குழாய்
முழுசையும் மாற்றினேன்.

"குழியை வில் விழுங்கும் மேடம்.
விழுங்கிவிட்டு ஆடாமல் பிடிப்பது டாம்பர்."
அடுப்பங்கரையில் எனக்கும் அவருக்கும் நடப்பதுதான்
என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.
இரும்பு இரும்பாகவே இருக்கட்டும்.

பாம்பன் பாலத்தில் ஏறினோம்.
இடப்பக்கம் பெண்கடல், தாம்பாளத்து நீராய்.
வலப்பக்கம் ஆண்கடல், நுரைதள்ளி.
ஒரு பொத்தானை அழுத்தினான்: சாலை இடப்பக்கத்துக் கடலாயிற்று.
இன்னொன்றை அழுத்தினான்: முதுகெலும்பின் கீழ்முனை
வலப்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தது.
"முதல் பொத்தானிலேயே விடு தம்பி."

இந்தப் பாலத்தை நான் கண்ணால் கடப்பதில்லை.
இணைப்புக்கு இணைப்பு என் பழைய வண்டி
தடக், தடக் என்று சொல்லிக்கொண்டு வரும்.
இரவில் பாம்பன் லோடு முடிந்து திரும்புகையில்
எத்தனையாவது தடக்கில் இறக்கம் என்பது
இடுப்புக்குத் தெரியும்.
இந்தக் காரில் ஒரு தடக்கும் இல்லை.
நடுக்கடலுக்கு மேலே
எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல்
சும்மா, சொகுசாக, போய்க்கொண்டிருந்தேன்.
எனக்கு அது பிடித்தது.
பிடித்தது என்பதுதான் உறுத்தியது.

திரும்பி வந்ததும் சொன்னேன்:
"கித்தேரி, ஆறு பார் ஏத்து."
"மேடம், ஐஸா? இதிலா?"
"தார்ப்பாய் விரிச்சுத்தான் ஏத்துவான்."
பார் ஒன்று ஐம்பது கிலோ.
ஆறாவது பார் உள்ளே சறுக்கியபோது
பின்பக்கம் அமுங்கிற்று, ஒரு மூச்சு நேரம்.
பிறகு அடியில் ஏதோ முனகியது,
முன்னங்கால் மடித்திருந்த ஒட்டகம்
ஆளை ஏற்றிக்கொண்டு எழுவதுபோல்
கார் தன்னைத் தானே நிமிர்த்திக்கொண்டது.
கித்தேரியான் கைதட்டினான்.

நான் மட்டும் முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
"அது கம்ப்ரஸர்தானே?"
"ஆமா மேடம், உங்களுக்கு எப்படி..."
எப்படியா. என் பின்னால் சுவருக்கு அந்தப்பக்கம்
அம்மோனியாவைப் பிழிந்துகொண்டு இரண்டு ஓடுகின்றன.
எந்த மாதம் எது இருமும் என்று தெரியும்.
"எங்கே வைத்திருக்கிறான் அதை? உப்புக்காற்று படுமா?
பை வெடித்தால் எத்தனை நாளில் வரும்?"
திரையைத் தடவினான். திரையில் அது இல்லை.

ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.
"சுமை பின்னால்தானே. முன்னால் எதுக்குக் காற்று?
முன்னால் சுருள், பின்னால் மட்டும் பை. அப்படி உண்டா?"
நெடுநேரம் தேடினான்.
"உண்டு மேடம். இரண்டாவது வரிக்குள்ள ஒளிஞ்சிருக்கு.
யாரும் கேட்டதில்லை."

கையெழுத்துப் போட்டேன்.
பாலத்தில் முன்சக்கரம் எனக்குக் கணக்குச் சொல்லட்டும்,
பின்சக்கரம் சுமையைப் பார்த்துக்கொள்ளட்டும்.
இரண்டு பை என்றால் இருமலும் பாதிதான்.
அதுவும் ஒரு காலையில்
பின்மூலை குந்திக்கொண்டு நிற்கும்.
நிற்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

ஐஸை இறக்கிய பிறகு காலியான கார்
மெல்லப் பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது.
தருணேஷ் கைக்குட்டையால்
கம்பளத்தில் கசிந்த ஈரத்தை ஒற்றிக்கொண்டிருந்தான்.
"விடு தம்பி, நல்ல தண்ணி அது" என்றேன்.
உச்சிப்புளி தாண்டும்வரை
பின்கதவிலிருந்து சொட்டியிருக்கும்.