ஐந்து மதிப்பெண்

அறுவை அரங்கினுள் அனுப்பும் முன்
நோயாளியின் அரைஞாண் கயிற்றை
எப்படி அகற்றுவீர்?

முப்பத்தெட்டுத் தாள் திருத்தியாயிற்று.
எல்லாவற்றிலும் கத்தரிக்கோல்.
இரண்டில் மட்டும்
கிருமி நீக்கிய கத்தரிக்கோல்.

நானும் அப்படித்தான் வெட்டினேன்.
பயிற்சிக் காலம், சேலம் பெரியாஸ்பத்திரி.
ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில்
மிளகு மூட்டைகளோடு சரிந்த வண்டி.
தொடை எலும்பு வெளியே தெரிந்தும்
முனகாமல் கிடந்தார் செம்மநத்தம் சடையன்.
கயிறு அறுந்ததும் கேட்டார்:
"நான் செத்துட்டனா தாயி?"

எலும்பு கூடிற்று.
கோலூன்றி மலையேறிப் போனார்.
கேள்வி மட்டும் இறங்கி வந்து
இருபத்தாறு வருஷமாய்
என் வகுப்பின் முதல் பெஞ்சில்.
வருகைப் பதிவேட்டில் அதற்குப் பெயரில்லை.

முப்பத்தொன்பதாவது தாள், ஃபிர்தௌஸ்.
கோணல் கையெழுத்து, மூன்று பிழை.
"முதலில் அவரிடம் கேட்பேன்.
வேண்டாம் என்றால் டாக்டரிடம் சொல்லி
மேலே நகர்த்தி பிளாஸ்டர் ஒட்டுவேன்.
வெட்டியே தீரணும் என்றால்
புதுக் கயிறு ஒன்றை
அவர் கண்ணில் காட்டிவிட்டு வெட்டுவேன்."

சிவப்புப் பேனா கொஞ்சநேரம் நின்றது.
பிறகு ஓரத்தில் எழுதினேன்:

நாலரை.
கறுப்பா சிவப்பா என்று கேட்கவில்லை.