படங்கு

பொகவந்தலாவை. ஐந்தாம் நம்பர் லயம்.
பல்பு சூட்டில் ஓட்டை உடைத்த வாத்துக்குஞ்சு
முதலில் கண்டது
தவமணியின் இடுப்பில் அசைந்த நீலப் படங்கை.

கழுத்துச் சுரப்பியிலிருந்து
ஒரு துளிக்கும் குறைவான தைராய்டு
மூளைக்கு ஏறி
கதவைத் திறந்து வைத்திருந்த நேரம்.
நீலம் உள்ளே வந்தது.
நரம்புச் சந்திகள் தடித்தன.
அவ்வளவுதான், சாத்திக்கொண்டது.

விடிந்தால் பெரட்டு வரைக்கும்
மண் படிகளில் உருண்டு உருண்டு
அவள் பின்னால் ஓடுகிறது.
பிள்ளை மாதிரி, என்றாள் எல்லாரிடமும்.

ஞாயிறு. படங்கு ஆணியில்.
தவிட்டைப் பிசைந்து கூப்பிடுகிறாள்,
கை நீட்டுகிறாள்.
குஞ்சு அவளைத் தாண்டிப் போய்
ஆணிக்கு நேர் கீழே
சொட்டும் ஈரத்தில் உட்காருகிறது.

கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"என்னைய இல்லியா, இதத்தானா?"
எடுத்துக் கட்டிக்கொள்கிறாள்
லீவு நாளில்.