புழு தின்ற இலை

லுவோயாங்கில் ஏப்ரல் என்றால் பியோனிதான்.
பேருந்தின் விலாவில் பியோனி,
பால் பொட்டலத்தில் பியோனி,
கழிப்பறைக் கதவில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று.
என் மேசையில் மட்டும் அது நிறமில்லாமல் கிடக்கும்.

கோடு என் வேலை.
வண்ணம் தியாவ் ஹோங்குய்யின் வேலை.
தாளுக்குப் பதினெட்டு யுவான் எனக்கு, முப்பது அவருக்கு.
மூலையில் விழும் சிவப்பு முத்திரையும் அவருடையதே.

படிகாரம் பூசிய தாள்
மையைக் குடிக்காது, மன்னிக்கவும் செய்யாது.
முன்னிதழை முதலில் இட வேண்டும்.
பிறகு வருகிற இதழ்
இடம் பிடிபட்டதைப் பார்த்துப்
பின்னால் போய் நின்றுகொள்ளும்.
இதழுக்கு மூச்சைப் பிடிக்கிறேன்.
தண்டுக்கு விட்டுவிடுகிறேன், அது முரடு, தாங்கும்.
காம்பு பூவைச் சேருமிடத்தில்
எள்ளளவு கோடு அறுந்திருக்கும்.
காற்று வேறெப்படி உள்ளே போகும்?

கீழ்க்கடையில் நூடுல்ஸ் மாவை இழுத்து இழுத்துப்
பலகையில் அறைகிறார்கள்.
என் மேசை குதிக்கிறது.
ஓர் அறைக்கும் மறு அறைக்கும் நடுவே
ஒரு மகரந்தத் தாள்.
அப்படித்தான் எண்பத்து நான்கும்.

மூன்றாவது வருஷம் என்று நினைக்கிறேன்,
இடப்பக்க இலையொன்றில் புழு ஓட்டை வைத்தேன்.
வெங்காய விதை அளவு.
இல்லாத ஒன்றைச் சுற்றி வரும் கோட்டுக்குக்
கை இன்னும் நிதானமாக இருக்க வேண்டும்.
முத்திரை அவருடையதாக இருக்கட்டும்,
ஓட்டை என்னுடையது.

அவர் அதைப் பச்சையால் அடைத்துவிட்டார்.
ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்த தாளிலும் வைத்தேன்.
எலி வளைக்குச் சிமெண்ட் பூசுகிறவர்போல
அதையும் அடைத்தார்.
இப்படி இருநூறுக்கு மேல்.
ஜெங்ஜோவில் ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில்,
யார் யாருடைய கல்யாண மண்டபங்களிலோ,
பச்சைக்கு அடியில் என் ஓட்டைகள்
வாய் மூடி உட்கார்ந்திருக்கின்றன.

போன குளிரில் அவருக்குக் கண்புரை நீக்கினார்கள்.
இரண்டு வாரம் தாள்கள் சேர்ந்துகொண்டே போயின.
ஓட்டல் மேலாளர் பியான் வந்து
கைபேசியிலிருந்து தலையெடுக்காமல் கேட்டாள்:
"எப்போது முடியும்?"
முடிந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன்.
"வெள்ளிக்கிழமை" என்றேன்.

அன்றிரவு விளக்கை அணைக்காமல்
அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நிறமில்லாத பூ வெள்ளைப் பூ அல்ல.
எந்த நிறத்துக்கும் இன்னும் சரி சொல்லாத பூ.
நடுவே, மாவு அறைந்த வேகத்தில்
பிசகிய ஒரு கோடும் தெரிந்தது.
அதை எடுத்து அடியில் வைத்தேன்.

அவர் திரும்பி வந்தார், கறுப்புக் கண்ணாடியோடு.
"நீலம் இவ்வளவு சத்தம் போடுமென்று
யாரும் சொல்லவில்லையே" என்று முனகினார்.
மேல் தாளைச் சன்னலுக்குத் தூக்கிப் பிடித்தார்.
கண்ணாடியைக் கழற்றினார்.

"இது ஓட்டையா?"
"ஆமாம்."
"எல்லாமேவா?"
"எல்லாமே."

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.
"உன் கை வழுக்கியது என்றல்லவா நினைத்தேன்!
சம்பளத்தில் பிடித்துவிடுவானே என்று
முதலாளிக்குத் தெரியாமல் மூடிக்கொண்டே வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
கீழே மாவை அறையும் சத்தம்
ஏழெட்டு முறை கேட்டது.

அன்று இலை முழுவதும் பச்சையிட்டு
ஓட்டையின் வாசலில் நின்றுகொண்டார்.
பிறகு நுனித் தூரிகையைத் துருநிறத்தில் தோய்த்து
அதன் விளிம்பில் மட்டும் மெலிதாக ஒரு சுற்று.
கடிபட்ட இலை அப்படித்தான் காயும்.
எனக்கு அது தோன்றியதே இல்லை.

அடுத்த தாளில் நான் ஓட்டை வைக்கவில்லை.
மறந்துவிட்டேனா, வேண்டுமென்றா, தெரியாது.
அவர் தாளைத் திருப்பித் திருப்பி
ஒவ்வோர் இலையாகத் தேடிக்கொண்டிருந்தார்.
தூரிகையில் பச்சை காய்ந்துகொண்டிருந்தது.