மலை தெரியும் அறை

சேலம் புதிய பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில்
லாட்ஜ்காரர் பேரேட்டைத் திருப்பி வைத்துக் கேட்டார்:
"மலை தெரியுற ரூமுங்களா, தெரியாத ரூமுங்களா?"
தெரிகிற அறைக்கு நாளொன்றுக்கு நூறு கூட.

ஜெசிந்தா மேலேயே தங்கலாம் என்றாள்.
நாகப்பட்டினத்தில் வண்டியேறியதிலிருந்து அதே பேச்சு.
காட்டெருமை பார்க்க வந்துவிட்டுக்
கடைத்தெருவில் படுப்பாயா?
நான் கணக்குச் சொன்னேன்.
ஏற்காட்டில் சனி ஞாயிறு மூவாயிரத்துக்குக் குறையாது,
அங்கே இட்லியும் வளைவேறிய களைப்புக்குக் காசு கேட்கும்.
கீழே எண்ணூறு. காலையில் ஒரு வாளி வெந்நீர்.
முனையில் தட்டுவடை செட்.
ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் மருந்துக்கடை.

"மருந்துக்கடையா" என்றாள்.
பன்னிரண்டு வருடம் ஒரே வார்டில் நின்றவள்.
அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

பைகளைப் பிரித்தோம்.
பைனாகுலர் ஒன்றுதான், பற்பசையும் ஒன்றுதான்.
அவள் எதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள் என்று
சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் நான் தூங்கிப்போனேன்.
கண்விழித்து, அடிவாரம் தாண்டி,
இருபது வளைவும் ஏறி இறங்குகையில்
ஏரியே இல்லை, மூடுபனி மட்டும்.
அதற்குள்ளிருந்து துடுப்புச் சத்தம்,
யாரோ யாரையோ "லைஃப் ஜாக்கெட்டைக் கட்டுடா" என்று திட்டும் சத்தம்.
ஜெசிந்தாவும் நானும் மிளகு போட்ட ஆம்லெட் தின்றோம்.
சில்வர் ஓக்கில் ஏறிய கொடியைத் தொட்டுப் பார்த்தோம்.
கடைசி பஸ்ஸில் நான் இறங்கிவிட்டேன்.

இரவு பத்தரைக்கு அவள் போன் செய்தாள்,
பேச்சில்லை, மூச்சு மட்டும்.
பிறகுதான் புரிந்தது, அது அவள் மூச்சில்லை.
ஜன்னலுக்கு வெளியே ஏதோ
தோட்டத்து ஹைட்ரேஞ்சியாவை வேரோடு இழுத்து மென்றுகொண்டிருந்தது.
"கதவைத் திறந்து பாரேன்."
"நீ வந்து திற."

என் ஜன்னலில் போய் நின்றேன்.
மலை இருக்க வேண்டிய இடத்தில் கருப்பு, அவ்வளவுதான்.
அதிலிருந்து ஒற்றை வெளிச்சம் இறங்கியது,
திரும்பியது, காணாமல் போனது,
கொஞ்சம் தாழ்ந்து மறுபடி வந்தது.
ராத்திரி டூட்டியில் டிரிப் சொட்டு எண்ணுவதுபோல
எண்ணிக்கொண்டே இருந்தேன்.
காதில் இன்னும் அந்த மெல்லல்.

மறுநாள் மழை.
மேக்னசைட் மேடுகள் மட்டும் வெளுப்பாய்த் தெரிந்தன,
நூறு ரூபாய்க்கு அவை சேர்த்தியில்லை.

மூன்றாம் நாள் விடிகாலை நான் முதல் பஸ்ஸில் ஏற,
பற்பசை தீர்ந்த கோபத்தில் அவள் இறங்கி வந்தாள்.
ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.
எட்டாவது வளைவில் இரண்டு பஸ்ஸும் மூக்கோடு மூக்கு.
யார் பின்னே போவது என்று டிரைவர்கள் கையால் பேசிக்கொள்ள,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள்.
"பார்த்தியா?"
"கேட்டதோட சரி."
அப்போதுதான் அவள் விரல் கீழே நீண்டது.
ரோட்டின் நடுவில் சாணம்,
முறத்தளவு, இன்னும் ஆவி பறக்க.
ஒரு பக்கம் சரிவில் உண்ணிச்செடி பிளந்து கிடந்தது.
எங்கே தங்குகிறதோ அது,
எந்தக் கணக்கும் போடாமல்.
எங்கள் பஸ்தான் பின்னே போனது.
டயர் அதன்மேல் ஏறிற்று.

கிளம்பும்போது பேரேட்டில்
"வந்த நோக்கம்" காலியாய்க் கிடந்தது.
லாட்ஜ்காரர் பேனாவை நீட்டினார்.
ஜெசிந்தா வாங்கவில்லை.
"மூணு நாளும் மலை தெரியலை.
முந்நூறைத் திருப்பிக் குடுங்க."

அவர் சில்லறை டப்பாவைத் திறக்கவே இல்லை.
ராத்திரி ஜன்னலில் நின்றீர்களா என்று என்னைக் கேட்டார்.
நின்றேன் என்றேன். வெளிச்சம் பார்த்தேன் என்றேன்.
"மலை இல்லாம
அது எதுமேலங்க இறங்கி வந்துச்சு?"