உலர்த்தியின் பஞ்சு

ஊமியோ என்பது ஊரின் பெயர்.
தமிழ்க் காதுக்குப் பாதி ஊமை.
டிசம்பரில் பிற்பகல் இரண்டுக்கே இருட்டிவிடும்.
நாற்பத்தொரு வீடுகளுக்கு
நிலவறையில் ஒரே சலவையறை.

முதல் தாளை ஒட்டியவள் குன்வோர்.
சிவப்பு மை, எழுத்துக்கு எழுத்து அடிக்கோடு:
"உலர்த்தியின் வலையில் பஞ்சை அப்படியே விட்டுப்போகும் இந்த ஆட்கள்
எந்தக் காட்டிலிருந்து வந்தார்கள்?"

மறுநாள் அதன் கீழே, பென்சிலில்:
"காடு என்ற சொல் சிலரைப் புண்படுத்தலாம்."
அதன் கீழே நீல மையில்:
"புண்படுகிறவர்கள் பஞ்சை எடுக்கலாமே."
அதற்கும் கீழே யாரோ வரைந்த சிரிப்பு முகம்.
யார் பக்கம் சேர்ந்து சிரிக்கிறது என்று
இன்றுவரை விளங்கவில்லை.

சங்கம் கூடியது.
காப்பி, ஏலக்காய் ரொட்டி, வட்டமாய்ப் பதினோரு நாற்காலி.
குறிப்பெழுதுவது என் வேலை.

'இந்த ஆட்கள்' அடிபட்டது. எல்லோருக்கும் மூச்சு வந்தது.
'சிலர்' என்று வைத்தோம்.
"சிலர் என்றால் யாரென்று எல்லோருக்கும் தெரிகிறதே" என்றாள் இர்மெலி.
தெரிந்தது.
கதவோர நாற்காலியை ஒருவரும் பார்க்கவில்லை.
அவ்வளவு பாடுபட்டுப் பார்க்காமலிருந்தோம்.

'நம்மில் சிலர்.'
பிறகு, 'நாம் அனைவரும் அவ்வப்போது.'
ஸ்டெல்லன், ஓய்வுபெற்ற நில அளவையர்,
அதற்கு முன்னால் ஒரு 'ஒருவேளை' கேட்டார்.
கொடுத்தோம்.
பூசிப் பூசி மெழுகியதில்
வாசகத்திலிருந்து பஞ்சே போய்விட்டது.
"என்னுடையதில் அதாவது இருந்தது" என்று முணுமுணுத்தாள் குன்வோர்.

அப்போதுதான் கதவோர நாற்காலி நகர்ந்தது.
தெஸ்ஃபாலெம். இரவுப் பேருந்து ஓட்டுகிறவர்.
குரலை உயர்த்தவில்லை.

"என் பெயரைச் சொல்லுங்கள்.
சொன்னால், நான் இல்லை என்பேன்.
என் முறை ஞாயிறு,
வலையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் மேலே வருகிறேன் என்பேன்.
காடு என்று படித்தபோது வலித்தது.
அதைக் குன்வோரிடம் கேட்க முடியும், அவள் கையெழுத்து எனக்குத் தெரியும்.
'ஒருவேளை நாம் அனைவரும்' என்பவர்
எந்த மாடியில் இருக்கிறார்?
எந்தக் கதவைத் தட்டி நான் மறுப்பது?"

குன்வோரின் கழுத்து சிவந்தது.
மன்னிப்பு என்ற சொல் வரவில்லை.
"ஞாயிறா?" என்றாள்.
"நான் பார்த்தது செவ்வாய் இரவு."
ஸ்டெல்லன் எழுந்து எல்லோருக்கும் காப்பி ஊற்றினார்,
நிறைந்திருந்த கோப்பைகளிலேயே.

அந்த வாசகத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன்.
அவர்கள் மொழியில் 'வீ' என்று ஒரே சொல்.
கணப்பைப் போல. யாரும் வந்து குளிர்காயலாம்.
தமிழ் விடாது.
நாமா, நாங்களா என்று கேட்கும்.
எதிரே இருப்பவனை உள்ளே சேர்த்தா,
வெளிப்பனியில் நிறுத்தியா?

அன்று வாய் சொன்னதெல்லாம் நாம்.
மனம் சொன்னதெல்லாம் நாங்கள்.

அறிவிப்பு இன்னும் தொங்குகிறது, பிளாஸ்டிக் உறைக்குள்,
நான்கு முனைகளிலும் ஊசி குத்தி.
யாரும் கீழே எதையும் எழுதுவதில்லை.
தெஸ்ஃபாலெமும் குன்வோரும் படியில் எதிர்ப்பட்டால்
தலையசைத்துக்கொள்கிறார்கள்.
அதில் நட்பு இருக்கிறதா, எனக்குத் தெரியாது.

செவ்வாய், ஆறு முதல் ஒன்பது: என் முறை.
அந்தச் செவ்வாய் போர்வை காய்ந்து முடிய,
கைபேசி அடித்தது. பேசிக்கொண்டே மாடியேறிவிட்டேன்.
வலையில் சாம்பல் நிறத்தில்
ஒரு முயல்குட்டி அளவு பஞ்சு.

கூட்டத்தில் பேனா என் கையில்தான் இருந்தது.
'அவ்வப்போது' என்பதும் நான் எடுத்துக்கொடுத்த சொல்தான்.
அழகான சொல் என்று இர்மெலி பாராட்டினாள்.

இதோ, ஒப்புக்கொள்கிறேன்,
கிழமை சொல்லி, மணி சொல்லி,
எதையும் பூசாமல்,
நாற்பத்தொரு வீடுகளில் ஒருவருக்கும்
படிக்கத் தெரியாத எழுத்தில்.